மச்சான் மோதிரம்

என் பேரு மலர்க்கொடி. திருத்துறைப்பூண்டியில ஒரு உரக்கடையில பில் போடுறேன். ஊரு டவுனுக்குக் கிழக்க, வாய்க்காலைத் தாண்டி. பேரைச் சொல்ல மாட்டேன். சொன்னா நாளைக்கே எவனாவது வண்டியை எடுத்துக்கிட்டு வேடிக்கை பாக்க வந்துடுவான். நடந்ததை மட்டும் சொல்றேன். கேட்டுட்டு ராட்சசின்னு சொல்றவங்க சொல்லிட்டுப் போங்க. எனக்கு ஒண்ணும் குறைஞ்சிடாது.

எங்கப்பா ரெத்தினத்தோட கூடப்பொறந்த அக்கா மகன் மதிவாணன். எனக்கு முறை மச்சான். நான் பாவாடை கட்டுன காலத்துலேருந்து, இவ அவனுக்குத்தான்னு ரெண்டு வீட்டுலயும் பேச்சு. அவரு சிங்கப்பூருக்குக் கிளம்புனப்ப அத்தை எங்க வாசல்ல நின்னு, வந்ததும் முடிச்சுடலாம்னு சொல்லிட்டுப் போச்சு. போனவரு வர்றதுக்குள்ள எனக்கு எத்தனையோ வரன். மயிலாடுதுறையிலேருந்து ஒரு வாத்தியாரு வந்தாரு, தங்கமான மனுசன். வேணாம்னுட்டேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தலை. எனக்கு மதி மச்சான்தான் வேணும். மனசுல இருக்கிறதைச் சொல்ல எனக்கு என்ன வெக்கம்?

வந்தாரு. அறுவடை மிஷின் ஒண்ணு வாங்கி ஓட்ட ஆரம்பிச்சாரு. குறுவை அறுத்தாச்சு, சம்பா நட்டாச்சு, பொண்ணு கேட்டுத் தட்டு மட்டும் வரலை. எங்கம்மா அம்சவல்லி தெனம் ஒரு சமாதானம் கண்டுபிடிச்சு வச்சிருக்கும். இப்பத்தானே வந்திருக்காரு, மிஷின் வேலை ஓயட்டும், தை பொறக்கட்டும்னு. மச்சான் என்கிட்ட சேந்தாப்ல ரெண்டு வார்த்தை பேசுனது கிடையாது. கடைக்குப் பூச்சி மருந்து வாங்க வந்தாக்கூட தரையப் பாத்துக்கிட்டே வாங்கிட்டுப் போயிடுவாரு. கூச்ச சுபாவம்னு நானே எனக்குச் சொல்லிக்கிட்டேன். கூச்சமாம், மண்ணாங்கட்டி.

எனக்கு ஒரே தம்பி, அன்பரசன். டிப்ளமோ முடிச்சிட்டு ட்ரோன் ஓட்டி வயலுக்கு மருந்து அடிக்கிறான். வாயில ஈ போனாக்கூடத் தெரியாது, அப்படி ஒரு சாது. வேலை இல்லாதப்ப போனை வச்சுக்கிட்டு ஒரு கேம் ஆடுவான். ஆளாளுக்கு ஒரு உருவத்தை எடுத்துக்கிட்டு, கூட்டம் சேத்துக்கிட்டு, அரக்கனை அடிக்கப் போற கேம். வாயால பேசுறது இல்ல, எழுதித்தான் பேசிக்குவாங்க. இந்தப் பக்கத்துப் பயலுவ பாதிப்பேரு அதுல ஒரே கூட்டம். ஊர்ல இருக்கிறவன், துபாய்ல இருக்கிறவன், சிங்கப்பூர்ல இருந்தப்பவே சேந்துக்கிட்ட எங்க மதி மச்சான், எல்லாம். ஒருத்தனும் சொந்தப் பேர்ல இருக்கமாட்டான்.

அந்தக் கூட்டத்துல வேல்விழின்னு ஒருத்தி இருந்தா. அவ சண்டை போடமாட்டா. அடிபட்டு விழுறவனுக்கெல்லாம் மருந்து போட்டு எழுப்பி விடுறவ. யாரோ கும்பகோணத்துப் பொண்ணு, காலேஜ் படிக்குதுன்னு பயலுவ எல்லாம் நெனைச்சுக்கிட்டு, அவளுக்குப் பூ குடுக்க, நகை குடுக்க, கேமுக்குள்ளயே போட்டி போட்டானுவளாம். அந்த வேல்விழி என் தம்பிதான்.

இது எப்படி வெளியில வந்துச்சுன்னா, அவன் போன் டிஸ்ப்ளே உடைஞ்சு போச்சு. டவுன்ல அப்சர் கடையில மாத்தக் குடுத்தான். அப்சரும் அதே கூட்டம். மாத்திட்டுச் சரியா இருக்கான்னு போட்டுப் பாத்தா, கேம் திறந்துக்கிட்டு வேல்விழி நிக்கிறா. அப்சர் கெட்டவன்னு சொல்லமாட்டேன், வாய்தான் ஓட்டை. பொழுது சாயுறதுக்குள்ள பயலுவளுக்கெல்லாம் தெரிஞ்சு போச்சு. எங்க வீட்டுக்கு மட்டும் தெரியலை.

பொங்கல் கழிஞ்சு கரும்புச் சக்கை இன்னும் தெருவுல கிடக்கு. ஞாயித்துக்கிழமை காலையில தெருமுனையில சரவெடிச் சத்தம். எட்டிப் பாத்தா மதி மச்சான் முன்னாடி வர்றாரு. பட்டுக்கரை வேட்டி, சந்தனப் பொட்டு. கையில தட்டு. தட்டுல பட்டுச்சேலை, அது மேல ஒரு பந்து மல்லிகை, ரெண்டு கட்டு கண்ணாடி வளையல். பின்னாடி அவரு சினேகிதனுங்க ஆளுக்கொரு தட்டு, பழம், வெத்தலை பாக்கு, தேங்காய்னு தூக்கிக்கிட்டு வர்றானுவ.

இதைப் பாத்தா யாரு என்ன நினைப்பாங்க, நீங்களே சொல்லுங்க. தை மாசம். முறை மாப்பிள்ளை. வீட்டுல முப்பது வயசுல ஒரு பொண்ணு. அம்மாவுக்குக் கையும் ஓடலை காலும் ஓடலை. பெரியவங்க ஒருத்தரையும் காணுமேன்னு எனக்கு லேசா உறைச்சுச்சு, அம்மா காதுல சொன்னேன். சிங்கப்பூருல இருந்த புள்ளைடி, கூட்டாளியோட வந்திருக்கு, நீ போயி சேலையைக் கட்டுன்னு என்னை உள்ள தள்ளுச்சு. தெருப் பொம்பளைங்க எல்லாம் வாசல்ல கூடிட்டாங்க. ஒருத்தி எனக்குத் தலை வாரி விடுறா, ஒருத்தி அடுப்புல கேசரி கிண்டுறா. அப்பா வெள்ளைச் சட்டையை மாட்டிக்கிட்டு எல்லாருக்கும் நாற்காலி எடுத்துப் போடுறாரு. இருந்த சந்தோசத்துல எனக்கு ஊக்கு குத்துனதுகூடத் தெரியலை.

காப்பித் தட்டை எடுத்துக்கிட்டு வந்து குடுத்தேன். விழுந்து கும்பிட்டேன். நிமிந்து பாத்தா மச்சான் முகமெல்லாம் வேர்த்து ஊத்துது. சினேகிதனுங்க ஒருத்தனை ஒருத்தன் பாத்துக்கிட்டு உதட்டைக் கடிச்சுக்கிட்டு இருக்கானுவ. பொண்ணைக் கூப்பிடுங்கன்னு ஒருத்தன் கேட்டான். அம்மா என் தோளைப் பிடிச்சு முன்னாடி நிறுத்தி, இதோ நிக்கிறாளேன்னுச்சு.

மதி மச்சான் எந்திரிச்சு நின்னாரு.

"இவ இல்ல அத்தை. வேல்விழின்னு உங்க வீட்டுல ஒருத்தி இருக்காளே, அவளைத்தான் கேட்டு வந்திருக்கோம்."

கொல்லையில ட்ரோன் தொட்டியைக் கழுவிக்கிட்டு இருந்த தம்பி, சத்தம் கேட்டு ஈரக் கையோட உள்ள வந்தான். வந்தவனைப் பாத்ததும் பயலுவ அடக்கி வச்ச சிரிப்பெல்லாம் வெடிச்சுச்சு. ஒருத்தன் போன்ல வேல்விழி படத்தை அம்மா மூஞ்சிக்கு நேரா நீட்டி, உங்க மகதான் அத்தைன்னு வெளக்கம் சொல்றான். ரெண்டு பேரு எல்லாத்தையும் வீடியோ எடுக்குறானுவ. வாசல்ல நின்ன பொம்பளைங்களுக்கு முதல்ல ஒண்ணும் விளங்கலை. விளங்குனதும் முந்தானையை வாயில வச்சுக்கிட்டுச் சிரிச்சாளுவ. எனக்குத் தலை வாரி விட்டவளும் சிரிச்சா. அப்பா துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டு கொல்லை வழியாப் போயிட்டாரு.

நான் பட்டுச்சேலையோட நடு வீட்டுல நிக்கிறேன். என்னை ஒருத்தரும் பாக்கலை. என்னைக் கேவலப்படுத்தணும்னுகூட அவனுங்க வரலை பாருங்க, அதைத்தான் என்னால தாங்க முடியலை.

எங்கம்மா அந்தப் பயலுவளை ஒரு வார்த்தை கேட்டுச்சா? இல்ல. தட்டுலேருந்து வளையல் கட்டைப் பிடுங்குச்சு. தம்பி கையைப் பிடிச்சு இழுத்துச்சு. "போட்டுக்கடா. ஆசைப்பட்டல்ல, போட்டுக்க"ன்னு சொல்லிக்கிட்டே ஒவ்வொண்ணா அவன் கையில திணிக்குது. ஆம்பளைக் கை, ஏறுமா? வளையல் நொறுங்கி நொறுங்கி விழுது. அம்மா விடலை. தம்பி கையை இழுத்துக்கவும் இல்ல. மணிக்கட்டுலேருந்து ரத்தம் கேசரித் தட்டுல சொட்டுன பிறகுதான் பயலுவ சிரிப்பு நின்னுச்சு. வீடியோ எடுத்தவன் போனைக் கீழ இறக்குனான். ஒவ்வொருத்தனா நழுவுனானுவ. மச்சான் கடைசியாப் போனாரு. தட்டெல்லாம் அப்படியே தரையில கிடந்துச்சு.

நான்தான் தம்பி கையில குத்துன கண்ணாடியை எடுத்துத் துணி சுத்தினேன். ஏன்டா உனக்கு இந்தப் பொம்பளை வேசம், ஊர்ல ஆம்பளைப் படமே கிடைக்கலையான்னு கேட்டேன். துணி சுத்தின கையை மடியில வச்சுக்கிட்டான். பிறகு சொன்னான்.

"வேசம் இல்லக்கா. அங்க அடிபட்டவன் எல்லாம் என்கிட்டத்தான் ஓடி வருவான். இங்க யாரு வர்றா?"

அப்ப அவன் மேல எனக்குக் கோவமும் இல்ல, பாவமாத்தான் இருந்துச்சு.

சாயங்காலம் அத்தையும் மாமா கண்ணுசாமியும் வந்தாங்க. மகன் செஞ்ச கூத்து அவங்க காதுக்கு எட்டிடுச்சு. அத்தை தலையில அடிச்சுக்கிட்டு அழுதுச்சு. மாமா தரையில கிடந்த தட்டையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தாரு. ஊரே பாக்க வெத்தலை பாக்கோட வீட்டுக்குள்ள வச்ச தட்டு, அதைத் திருப்பித் தூக்குறது நம்ம சனத்துல கிடையாது, தூக்குனா ரெண்டு குடும்பமும் தலை காட்ட முடியாதுன்னாரு. வெளாட்டோ வினையோ, தட்டு வந்தது வந்ததுதான், மலர்க்கொடிக்கே முடிச்சுடுவோம்னாரு. எங்கம்மா முகத்தைப் பாக்கணுமே. காலையில ரத்தம் சொட்டுன இடத்தை அது இன்னும் துடைக்கக்கூட இல்ல, அதுக்குள்ள நாள் பாக்கப் பஞ்சாங்கத்தை எடுத்துடுச்சு.

அத்தை ஒரு கண்டிசன் போட்டுச்சு. கல்யாணத்துல அன்பரசன் தலை தெரியக் கூடாது. எங்க பக்கத்துல, தாலி கட்டுறதுக்கு முன்னாடி பொண்ணோட கூடப்பொறந்தவன் மாப்பிள்ளைக்கு மாலை போட்டு, விரல்ல மோதிரம் மாட்டி, கையைப் பிடிச்சு மணவறைக்கு அழைச்சுக்கிட்டு வரணும். மச்சான் மோதிரம்னு அதுக்குப் பேரு. இவன் போயி என் மகன் விரல்ல மோதிரம் மாட்டுனா மண்டபமே கைகொட்டிச் சிரிக்கும், திருப்பூர்ல இருக்கிற சித்தப்பா மகன் வந்து போடட்டும்னு அத்தை சொல்லிடுச்சு. அப்பா தலையை ஆட்டுனாரு. தம்பியும், எனக்குக் கோயம்புத்தூர்ல வேலை இருக்கு, நான் போயிடுறேன், நீ சரின்னு சொல்லுக்கான்னான்.

சரின்னேன். ஆமா, சொன்னேன். அத்தனை வருசம் காத்திருந்த ஆளு கைக்கு வர்றப்ப, வேணாம்னு சொல்ல நான் என்ன சாமியா? பயலுவ ஏத்தி விட்டிருப்பானுவ, ஆம்பளை புத்தி, இவரு ஆடிட்டாரு, கட்டிக்கிட்டா எல்லாம் சரியாப் போயிடும்னு என் மனசை நானே தேத்திக்கிட்டேன்.

பத்திரிகை அடிச்சாச்சு. தம்பி ஊரை விட்டுக் கிளம்புறதுக்கு முந்தின நாள் கடைசியா ஒரு வயலுக்கு மருந்து அடிக்கப் போனான். உளுந்து விதைச்ச வயலு, வாய்க்கால் ஓரத்துல. மத்தியானச் சாப்பாட்டை எடுத்துக்கிட்டு நான் போனேன். போர்செட்டுக் கொட்டகைக்கு அந்தப் பக்கம் மதி மச்சான் குரல் கேட்டுச்சு. தம்பிகிட்ட மன்னிப்புக் கேக்க வந்திருக்காருபோலன்னு நெனைச்சு எனக்கு நெஞ்சே நெறைஞ்சு போச்சு. நடுவுல போக வேணாம்னு செவுத்துக்கு இந்தப் பக்கமே நின்னேன்.

வேல்விழியை எதுக்குடா அழிச்சன்னு கேக்குறாரு. எத்தனை ராத்திரி அந்தக் கேம்ல உனக்காகக் காத்துக் கெடந்திருக்கேன்னு கேக்குறாரு. மச்சான் குரல் உடைஞ்சுச்சு. எனக்குத் தெரிஞ்சு அந்த ஆளு குரல் யாருகிட்டயும் அப்படி உடைஞ்சது கிடையாது.

"நீதான்னு எனக்கு சிங்கப்பூர்ல இருந்தப்பவே தெரியும்டா. தெரிஞ்சுதான் பேசுனேன். பயலுவளுக்கு விசயம் தெரிஞ்சதும் பயந்துட்டேன். என்னையும் சேத்துச் சிரிப்பானுங்கன்னு நானே முந்திக்கிட்டேன். அவனுங்களுக்குத்தான் அது வெளாட்டு. தட்டை நான் உனக்குத்தான் தூக்கிக்கிட்டு வந்தேன்."

தம்பி அப்ப வாயைத் திறந்தான்.

"எனக்கும் தெரியும் மச்சான், அங்க என்கிட்ட பேசுறது நீதான்னு. அக்கா உனக்காகக் காத்துக்கிட்டு இருக்குன்னும் தெரியும். தெரிஞ்சும் என்னால விட முடியலை."

அவரு விடலை. மலரை நான் கட்டிக்கிறேன், குறை வைக்கமாட்டேன், நீ அங்க பழையபடி வேல்விழியா வந்துடு, யாருக்குத் தெரியப் போவுதுன்னு கெஞ்சுறாரு. தம்பி முடியாதுன்னான். முடியாதுன்னு சொன்னவன் அழுதான்.

சாப்பாட்டுத் தூக்கை வாய்க்கால்ல கவுத்துட்டு வீட்டுக்கு வந்தேன். வழியெல்லாம் அதையேதான் நினைச்சுக்கிட்டு வந்தேன். சாப்பிட்டியா, தூங்குனியா, உடம்பு எப்படி இருக்குன்னு ஒரு ஆம்பளை ஒரு பொம்பளைகிட்ட கேப்பான்ல, அதையெல்லாம் அந்த ஆளு அங்க வேல்விழிகிட்ட கேட்டிருப்பாரு. என்கிட்ட இல்ல. எனக்கு வர வேண்டியதை எல்லாம் என் வீட்டுக்குள்ளயே ஒருத்தன் உக்காந்து வாங்கித் தின்னிருக்கான், அதுவும் நான் போட்ட சோத்தைத் தின்னுக்கிட்டு. அந்தப் பயலுவ சிரிச்சதைக்கூட மறந்துடுவேன். இதை எப்படி மறக்குறது? கல்யாணத்தை நிறுத்திடலாம்னு ஒரு நிமிசம் தோணுச்சு. நிறுத்தினா யாருக்கு லாபம்? அவங்க ரெண்டு பேருக்கும்தான். என்னத்துக்கு நிறுத்தணும்?

மறுநா காலையில வீட்டுல எல்லாரையும் கூப்பிட்டு, அத்தையையும் வரவழைச்சு, சத்தமாவே சொன்னேன். மச்சான் மோதிரத்தை என் கூடப்பொறந்தவன்தான் போடணும், திருப்பூர்க்காரன் போடுறதா இருந்தா நான் கழுத்தை நீட்டமாட்டேன். அத்தை குதிச்சுச்சு. அம்மா அழுதுச்சு. நான் அசையலை. பத்திரிகை குடுத்தாச்சு, மண்டபம் பேசியாச்சு, வேற வழியில்லாம ஒத்துக்கிட்டாங்க. தெருவே என்னைக் கொண்டாடுச்சு. உடம்பொறப்புன்னா இப்படில்ல இருக்கணும்னு, அன்னிக்குச் சிரிச்ச பொம்பளைங்களே வந்து எனக்கு திருஷ்டி கழிச்சாளுவ.

தம்பி மட்டும் கொல்லையில வந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டான். என்னை விட்டுடுக்கா, இது மட்டும் என்னால முடியாதுன்னான். நான் அவன் கையை எடுத்து விட்டேன்.

"ரெண்டு வருசமா மருந்து போட்டியே, இதையும் போட்டுட்டுப் போடா."

நான் எல்லாத்தையும் கேட்டுட்டேன்னு அவனுக்குப் புரிஞ்சு போச்சு. அதுக்கப்புறம் என்னை நிமிந்து பாக்கவே இல்ல.

மோதிரத்துக்கு அளவு நான்தான் குடுத்தேன். மச்சான் விரலை விட ஒரு சுத்து குறைச்சு. ஆசாரி ரெண்டு தடவை கேட்டாரு, பிடிக்குமேம்மான்னு. பிடிக்கட்டும்னேன்.

மண்டபத்துல முன் வரிசையில அதே பயலுவதான் உக்காந்திருந்தானுவ. நாதஸ்வரத்தைத் தாண்டி அவனுங்க விசில் கேட்டுச்சு. தம்பி மேடை ஏறினான். மணிக்கட்டுல காயத்துத் தழும்பு. மாலையைப் போட்டான். மோதிரத்தை எடுத்து மச்சான் விரல்ல வச்சான். பாதியில நின்னுடுச்சு. நான் மணவறையில உக்காந்து பாத்துக்கிட்டே இருந்தேன். அழுத்திப் போடுடான்னு பயலுவ கத்துறானுவ. போன் எல்லாம் மேல தூக்கிட்டானுவ. ஐயரு நல்ல நேரம் போகுதுங்கிறாரு. ரெண்டு பேரும் ஒருத்தன் கையை ஒருத்தன் பிடிச்சுக்கிட்டு நிக்கிறாங்க, விடவும் முடியலை, முடிக்கவும் முடியலை. மச்சான் கண்ணுலேருந்து தண்ணி பொலபொலன்னு கொட்டுது. கூட்டத்துல யாரோ, பாசத்தைப் பாருங்கய்யா பாசத்தைன்னாங்க. கடைசியில தம்பி கண்ணை மூடிக்கிட்டு ஒரே அழுத்தா அழுத்தி உள்ள தள்ளினான். தோல் உரிஞ்சு போச்சு. கையைப் பிடிச்சு என் பக்கத்துல கொண்டாந்து உக்கார வச்சான். தாலி ஏறுச்சு. பந்தி ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே அவன் பஸ் ஏறிட்டான்.

கோயம்புத்தூர்லதான் இருக்கான்னு சொல்றாங்க. அம்மா போன் பண்ணா எடுக்குறதில்ல. அது நைட்டிக்குள்ள போனை வச்சுக்கிட்டே அலையுது, அலையட்டும்.

எங்க குடும்பம் நடக்குது. அவரு குடிக்கமாட்டாரு, அடிக்கமாட்டாரு, சம்பாதிச்சதைக் கொண்டாந்து குடுத்துடுவாரு. சொன்னபடி குறை எதுவும் வைக்கலை. வெயிலுக்கு விரல் வீங்கிக்கிட்டு மோதிரம் கழல மாட்டேங்குது, ஆசாரிகிட்ட போயி அறுத்துக்கிட்டு வரட்டான்னு கேட்டாரு. மச்சான் மோதிரத்தை அறுத்தா என் கூடப்பொறந்தவனுக்கு ஆகாதுன்னேன். வாயை மூடிக்கிட்டாரு. அந்தக் கையாலதான் அவரு என்னைத் தொடணும். தொடுறப்ப எல்லாம் அது என் தோள்ல உரசும். எனக்கும் வலிக்கத்தான் செய்யுது.

நேத்து கொல்லைப்பக்கம் போனேன். ஒரு கிண்ணத்துல சோப்புத் தண்ணியைக் கரைச்சு, மோதிர விரலை ஊறப்போட்டுக்கிட்டு, ஒத்தையா உக்காந்திருந்தாரு. நான் கிண்ணத்தை எடுத்து, தண்ணியை வாழைக்கு ஊத்திட்டு, சோறு ஆறுது வாங்கன்னு கூப்பிட்டேன். எந்திரிச்சு வந்து சாப்பிட்டாரு.